நார்வே மொழியின் கூட்டுச்சொற்கள்: அசையும் அழுத்தமும்

நார்வே நாட்டில் ஓர் உணவு விடுதியின் வாயிலில் அறிவிப்புப் பலகை ஒன்று தொங்குவதாக வைத்துக்கொள்வோம். அதில் 'ரெய்க்ஃப்ரிட்' என்று எழுதப்பட்டிருத்தல் வேண்டும். 'ரெய்க்' என்பது புகை. 'ஃப்ரிட்' என்பது அற்றது, நீங்கியது. இவ்விரண்டும் இடைவெளியின்றி ஒரே சொல்லாக நின்றால், இவ்விடம் புகையற்ற இடம், இங்கே புகைபிடித்தல் ஆகாது என்று பொருள். பலகை எழுதியவரோ கைதவறி இரு பகுதிகளுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம் விட்டுவிட்டார். அவ்வளவில் 'ரெய்க்' என்பது பெயர்ச்சொல் என்னும் நிலையினின்று நீங்கி, 'புகைபிடி' என்னும் ஏவல் வினையாகிவிடுகிறது. 'ஃப்ரிட்' என்பது 'தடையின்றி' என்று பொருள்படுகிறது. தடுக்க வந்த பலகை, வருவோரையெல்லாம் தாராளமாகப் புகைபிடிக்குமாறு அழைக்கிறது! 2004 ஜூன் முதல் தேதியிலிருந்து அந்நாட்டு உணவு விடுதிகளில் புகைபிடித்தல் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது என்பதை நினைவில் வைத்தால், அந்த ஒரு விரற்கடை இடத்தின் விபரீதம் நன்கு விளங்கும்.

எழுத்தில் நேர்ந்த இப்பிழை பேச்சிலும் நேரக்கூடும் என்பதே இன்று நாம் கருத எடுத்துக்கொண்ட செய்தி. காகிதத்தில் இடைவெளியாகத் தோன்றுவது வாயில் அழுத்தமாகத் தோன்றுகிறது. நார்வே மொழியில் இவை இரண்டல்ல. ஒன்றின் இரு வடிவங்களே.

தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவருக்கு வடகடல் ஓரத்து மொழியைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பிறமொழி பேசும் ஊரில் வாழ்பவனுக்குச் சொற்கள் தெரிந்தும் பேச்சு புரியாமற்போகும் துன்பம் இன்னதென்று தெரியும். சொல் சரி, இலக்கணம் சரி. ஆயினும் எதிரில் நிற்பவர் புருவத்தை நெரித்து 'என்ன?' என்கிறார். எங்கே தவறினோம் என்று நமக்கும் விளங்குவதில்லை, அவருக்கும் சொல்லத் தெரிவதில்லை. இத்தகைய தவறு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்டுவதற்கு நார்வே மொழியைப்போல் வசதியான சான்று வேறில்லை. மற்றொரு காரணமும் உண்டு. 1980-களிலிருந்து ஆயிரக்கணக்கான இலங்கைத் தமிழர்கள் அந்நாட்டில் குடியேறியுள்ளனர். அவர்களில் பலர் முதலில் வேலைக்கு அமர்ந்த இடம் வட நார்வேயின் மீன் பதனிடும் ஆலைகள். ஆகவே, இம்மொழியின் அழுத்தத்தோடு தமிழ் நாவு முட்டிமோதிய வரலாறு கற்பனையன்று.

நார்வே மொழி ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் உறவுடைய மொழி. டேனிஷ், ஸ்வீடிஷ் ஆகியவற்றுக்கு உடன்பிறந்த மொழி. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் அம்மொழிக்கு எழுத்து வடிவங்கள் இரண்டு உள்ளன. 1885-இல் அவற்றுக்குச் சமமான தகுதியை நாடாளுமன்றம் வழங்கிற்று. ஊருக்கு ஊர் பேச்சும் வேறுபடும். இங்கே நாம் சொல்லப்போவன பெரும்பாலும் தலைநகர் ஓஸ்லோவைச் சூழ்ந்த கிழக்குப் பகுதியின் வழக்கைப் பற்றியவை.

சொல்லோடு சொல்லைச் சேர்த்துப் புதுச்சொல் ஆக்குவதில் நார்வே மக்களுக்குத் தயக்கமே இல்லை. இரயில் நிலையத்துக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'யேர்ன்பானெஸ்டஷூன்'. 'யேர்ன்' இரும்பு, 'பானெ' பாதை, 'ஸ்டஷூன்' நிலையம். நம் முன்னோர் 'இருப்புப்பாதை நிலையம்' என்று சொன்னது அப்படியே அங்கும் இருக்கக் காண்கிறோம். 'பார்னெ' என்றால் குழந்தைகள், 'ஹாகெ' என்றால் தோட்டம். 'பார்னெஹாகெ' என்பது சிறுவர் பள்ளி. இவ்வாறு இரண்டு, மூன்று, நான்கு என்று எத்தனை சொற்களை வேண்டுமாயினும் கோக்கலாம். கோத்தபின் அவை அனைத்தும் ஒரே சொல்லாகவே எழுதப்படும். வேலையில்லாதவருக்கு அரசு தரும் உதவித்தொகையின் பெயர் அச்சில் ஒரு வரியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு இடையறவின்றி ஓடும்.

கோக்கும்பொழுது சில வேளைகளில் இடையே ஒரு சிற்றொலி தோன்றும். பெரும்பாலும் அது ஸகரமாகவோ எகரமாகவோ இருக்கும். நம் இலக்கணத்தில் சாரியை என்று சொல்வோமே, ஏறக்குறைய அதுபோன்றது. 'லன்' என்றால் நாடு, 'பீ' என்றால் ஊர். இரண்டும் சேர, நடுவே ஸகரம் புகுந்து 'லன்ஸ்பீ' என்றாகி, சிற்றூரைக் குறிக்கும். இந்த ஸகரத்துக்கு அருமையான பணி ஒன்று உண்டு. திராட்சை மது அருந்தும் கிண்ணம் 'வீன்கிளாஸ்'. அதில் ஸகரம் இல்லை. சிவந்த மதுவுக்கு உரிய கிண்ணமாயின் 'ரோவீன்ஸ்கிளாஸ்' என்று ஸகரம் நுழைகிறது. ஏன்? சிவப்பு என்பது கிண்ணத்தையா, மதுவையா குறிக்கிறது என்ற ஐயம் எழாதிருக்கவே. முதல் இரு சொற்களும் முன்னரே ஒன்றுபட்டுவிட்டன, மூன்றாவது பின்னர் வந்து சேர்ந்தது என்று அந்த ஸகரம் கட்டியம் கூறுகிறது. எல்லாச் சொற்களிலும் இது தவறாது வருவதில்லையெனினும், வழக்கில் மிகப் பரவியுள்ளது. (மதுவிலக்கில் பற்றுடைய அன்பர்கள் இவ்வெடுத்துக்காட்டைப் பொறுத்தருள்வார்களாக. இதைவிடத் தெளிவான சான்று நமக்குக் கிடைக்கவில்லை.)

இனி அழுத்தத்துக்கு வருவோம்.

'ப்லோ' என்றால் நீலம். 'பேர்' என்றால் சிறுகனி. இவற்றைத் தனித்தனியே, இரண்டுக்கும் எடைகொடுத்து, இரண்டாவதைச் சற்று மிகுத்துச் சொன்னால், 'நீலநிறமான கனிகள்' என்று பொருள். எந்தக் கனியும் ஆகலாம். 'ப்லோ' என்பதை ஊன்றி, 'பேர்' என்பதைத் தணித்து, ஒரே மூச்சில் 'ப்லோபேர்' என்றால், அந்நாட்டுக் காடுகளில் கோடையிறுதியில் காய்க்கும் ஒரு குறிப்பிட்ட கனியின் பெயர் அது. கூட்டுச்சொல்லின் முழு அழுத்தம் முதற்பகுதியின் அழுத்த அசைமேல் விழும் என்பதே பொதுவிதி.

ஆனால் இரண்டாம் பகுதி அடியோடு அழிந்துவிடுவதில்லை. கற்பவர் பலரும் இவ்விடத்தில்தான் இடறுகின்றனர். முதற்பகுதியை ஊன்றுக என்று ஆசிரியர் சொன்னவுடன், மற்றதை விழுங்கிவிடுகின்றனர். அது தவறு. இரண்டாம் பகுதி தன் பழைய அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறதேயன்றி இழப்பதில்லை. அதனை இரண்டாம் அழுத்தம் எனலாம். 'ஸ்டஷூன்' என்னும் சொல் பிரெஞ்சு மொழிவழி வந்தது. அதன் அழுத்தம் இறுதி அசையாகிய 'ஷூன்' என்பதில் இருக்கிறது. 'யேர்ன்பானெஸ்டஷூன்' என்னும் நீண்ட சொல்லில் தலையழுத்தம் 'யேர்ன்' என்பதற்குப் போய்விடுகிறது. ஆயினும் 'ஷூன்' தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. அழுத்தம் தணிந்து, நெடிலாகவே நின்று, 'நான் இங்கிருக்கிறேன்' என்று அறிவிக்கிறது.

நெடில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அழுத்தம் பெற்ற அசை நார்வே மொழியில் இரண்டே வகைப்படும். உயிர் நெடிலாகி அடுத்த மெய் குறுகும். அல்லது உயிர் குறிலாகி அடுத்த மெய் நீளும். 'டாக்' என்று நெடிலாகச் சொன்னால் கூரை. 'டக்க்' என்று குறிலைச் சொல்லி ககரத்தை ஊன்றினால் நன்றி. 'ஹாட்' என்றால் வெறுப்பு. 'ஹட்ட்' என்றால் தொப்பி. 'பாடு' என்பதையும் 'பட்டு' என்பதையும் தொட்டிலிலேயே வேறு பிரித்துக் கேட்ட தமிழ்ச்செவிக்கு இது விளையாட்டு. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதற்குப் பெரிதும் இடர்ப்படுவர். மாத்திரைக் கணக்கு நமக்கு இங்கே கைகொடுக்கிறது.

இதற்குமேல் இசையும் உண்டு. கிழக்கு நார்வேயில் உழவர்கள் என்னும் சொல்லும் அவரை விதைகள் என்னும் சொல்லும் ஒலிப்பில் ஒன்றே. உதட்டைக் குவித்துக்கொண்டு 'பென்னெர்' என்று சொல்லவேண்டும். குரல் தாழ்வில் தொடங்கி ஏறினால் உழவர். உயர்வில் தொடங்கி இறங்கிப் பின் ஏறினால் அவரை. ஒரு கூட்டுச்சொல் இவ்விரு மெட்டுகளில் எதனைப் பெறும் என்பதை அதன் முதற்பகுதியே தீர்மானிக்கிறது. மெட்டுத் தவறினால் கேட்பவர் பெரும்பாலும் இடம்நோக்கிப் பொருள் கண்டுகொள்வர். அழுத்தம் தவறினால் கண்டுகொள்வது கடினம். ஆதலால் மெட்டைப்பற்றி இவ்வளவில் நிறுத்துவோம்.

மீன் ஆலையைப் பற்றி முன்னர்ச் சொன்னோம். வட நார்வேயில் லோஃபோடன் என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அங்கே குளிர்காலத்தில் பிடிக்கும் காட் என்னும் பெருமீனை உப்பிடாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் கடற்காற்றிலே உலர்த்துவர். அது பல நூற்றாண்டுகளாக ஏற்றுமதியாகிவரும் பெரும் பண்டம். அதன் பெயர் 'தொர்ஃபிஸ்க்'. 'தொர்' உலர்ந்தது; 'ஃபிஸ்க்' மீன். புதிதாக வந்த தமிழ்த் தொழிலாளி ஒருவர் இதனைத் தம் தாய்மொழிப் பழக்கப்படி 'தொர், ஃபிஸ்க்' என்று இரண்டையும் ஒரே நிறையாகச் சொன்னால், கேட்கும் நார்வேக்காரர் செவியில் அது 'காய்ந்துபோன மீன்' என்று விழும். விலையுயர்ந்த பண்டத்தைப் பேசியவர், சமையலில் நீர் சுண்டிப்போன மீனைக் குறைகூறியவர் ஆகிறார். அவர் சொன்ன ஒலிகளில் ஒன்றும் பிழையில்லை; நிறை பங்கிட்டதிலேதான் பிழை.

தமிழ் நாவுக்கு இப்பழக்கம் ஏன் வந்தது? தமிழில் அழுத்தம் சொற்பொருளை மாற்றுவதில்லை. முதலசை இயல்பாகச் சற்று எடுப்பாக ஒலிக்குமேனும், பிற அசைகளும் ஏறக்குறைய ஒத்த நிறையோடு நடைபோடுகின்றன. அப்படியானால் இரு சொற்கள் ஒன்றாயினவா, தனித்து நிற்கின்றனவா என்பதை நாம் எவ்வாறு காட்டுகிறோம்? ஒற்றினால் காட்டுகிறோம். 'தந்த பலகை' என்றால் ஒருவர் கொடுத்த பலகை; 'தந்தப் பலகை' என்றால் யானைக் கொம்பினால் செய்த பலகை. 'கீரை கடை' என்பது சமையலறையில் இடும் ஏவல்; 'கீரைக்கடை' என்பது தெருவில் உள்ள அங்காடி. நாம் வல்லினத்தை மிகுத்துச் செய்யும் வேலையை, நார்வேக்காரர் அழுத்தத்தை முன்னே தள்ளிச் செய்கின்றனர். இந்த ஒப்புமையை மனத்தில் வாங்கிக்கொண்ட தமிழர் ஒருவருக்கு அம்மொழியின் கூட்டுச்சொல் விரைவில் வசப்படும் என்பது நம் துணிபு. வல்லெழுத்து மிகாமல் ஒருவர் 'கீரைகடை' என்றால் நமக்கு எவ்வளவு உறுத்தலாக இருக்குமோ, அவ்வளவு உறுத்தல் அவர்களுக்கு அழுத்தம் இடம்மாறினால் உண்டாகிறது.

இக்காலத்தில் அந்நாட்டவரே இப்பிழையை எழுத்தில் மிகுதியாகச் செய்கின்றனர் என்று அங்குள்ள ஆசிரியர்கள் வருந்துகின்றனர். ஆங்கிலத்தில் கூட்டுச்சொற்கள் பல பிரித்தே எழுதப்படுகின்றன. அதனைப் பார்த்துத் தாமும் பிரிக்கும் பழக்கம் கடைப்பலகைகளிலும் பொருள்களின் மேலுறைகளிலும் புகுந்துவிட்டது. ஆட்டுத்தொடை இறைச்சிக்கு 'லம்மெலோர்' என்று பெயர். பிரித்து எழுதினால் 'முடங்கிப்போன தொடைகள்' என்று ஆகும். கோழி ஈரல் என்று எழுத எண்ணிப் பிரித்துவிட்டால் 'கோழி உயிரோடிருக்கிறது' என்று பொருள். அதற்கு முன்னே 'வறுத்த' என்னும் அடைமொழியும் இருந்தால் அக்கோழியின் ஆயுள்பலத்தை வியக்கத்தான் வேண்டும். அன்னாசித் துண்டுகள் அடைத்த தகரக்குவளையில் 'அனனஸ்பீடெர்' என்று சேர்த்து எழுதவேண்டும். பிரித்தால் 'அன்னாசி கடிக்கிறது' என்று எச்சரிப்பதாக முடியும். (நம் 'அன்னாசி'யும் அவர்களுடைய 'அனனஸ்' என்பதும் ஒரே சொல், போர்ச்சுகீசியர் கப்பலேற்றிக்கொண்டு உலகெங்கும் விற்ற சொல் அது.) இவற்றைப் படித்து அந்நாட்டவர் நகைக்கின்றனர். நகைப்பதற்குக் காரணம், பிரித்து எழுதியதைக் கண்டவுடன் அவர்கள் மனத்துக்குள் அழுத்தமும் இடம்மாறி ஒலிப்பதே.

அசை பிரிப்பு என்பது இதனோடு பின்னிய மற்றொரு செய்தி. வரியின் இறுதியில் சொல் முடியாதபொழுது எங்கே வெட்டுவது? தனிச்சொல்லாயின் விதி எளிது: இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் மெய்களில் கடைசி ஒன்று மட்டும் அடுத்த வரிக்குச் செல்லும். பள்ளியைக் குறிக்கும் 'ஸ்கூலெ' என்பது 'ஸ்கூ' என்றும் 'லெ' என்றும் பிரியும். விளக்கைக் குறிக்கும் 'லம்பெ' என்பது 'லம்' என்றும் 'பெ' என்றும் பிரியும். கூட்டுச்சொல்லில் இவ்விதி செல்லாது. அங்கே பொருத்துவாயில்தான் வெட்டவேண்டும். வீட்டுக்காரரைக் குறிக்கும் சொல் 'ஹூஸ்' என்னும் வீடும் 'எய்யெர்' என்னும் உடையவரும் சேர்ந்தது. தனிச்சொல் விதியைக் கண்மூடிப் பின்பற்றி 'ஹூ' என்று நிறுத்தினால், அடுத்த வரியில் 'ஸெய்யெர்' என்று தொடங்கும். அதற்கு வெற்றி என்று பொருள்! வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரர் வெற்றிவீரராகக் காட்சியளிப்பது குடியிருப்போருக்கு உவப்பாயிராது.

இன்னும் நுட்பமான ஒன்று. 'நட்' என்பது இரவு. அதனை டகரம் இரட்டித்து எழுதுவர். 'டோக்' என்பது இரயில் வண்டி. அது ஒரு டகரத்தால் தொடங்கும். இரண்டும் சேர்ந்தால் மூன்று டகரங்கள் அருகருகே நிற்கவேண்டும். ஒரே மெய் மூன்று முறை தொடர்வதை அவர்கள் எழுத்து ஏற்பதில்லை. ஆதலால் ஒன்றை விட்டு இரண்டே எழுதுவர். அப்படியிருக்க, அந்த இரவு வண்டி வரியின் கடைசியில் வந்து இரண்டாக வெட்டப்படும்பொழுது, விடுபட்ட மூன்றாம் டகரம் திரும்ப வந்து தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். முதல் வரியில் இரண்டு, அடுத்த வரியில் ஒன்று. இருந்த எழுத்து மறைந்து, மறைந்தது மீண்டும் தோன்றும் இவ்வித்தை அச்சுக்கோப்போருக்குத் தலைவலியே. ஆனால் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. எழுத்தில் குறைந்தாலும் அப்பகுதி உரிமையில் குறையவில்லை என்பதை இது காட்டுகிறது அன்றோ?

ஒரே ஓர் எழுத்தில் தொங்கும் வேறுபாடும் உண்டு. 'கூர்' என்றால் மருத்துவ முறை; 'ஸ்டெட்' என்றால் இடம். சேர்ந்தால் உடல்நலம் பெறச் சென்று தங்கும் ஓய்வகம். 'கூர்ஸ்' என்று ஸகரத்தோடு முடிந்தால் பயிற்சி வகுப்பு. அதனோடு 'ஸ்டெட்' சேர்ந்தால் வகுப்பு நடைபெறும் இடம். முன்னதில் ஒரு ஸகரம், பின்னதில் இரண்டு. பேச்சில் வேறுபாடு இன்னும் தெளிவானது. முன்னதில் உகரம் நெடிது ஒலிக்கும், பின்னதில் குறுகும். எழுத்தில் ஒரு ஸகரத்தைத் தவறவிட்ட மாணவர் வகுப்புக்குப் போவதாக எழுதி ஓய்வகத்துக்குப் போய்ச்சேருவார்.

எழுத்தில் வெட்டும் இடமும் வாயில் அசை பிரியும் இடமும் எப்பொழுதும் ஒத்திருக்குமோ எனில், இராது. இங்கே தமிழர் பெருமையோடு கேட்கத்தக்க செய்தி ஒன்று உள்ளது. கிழக்கு நார்வேயில் ரகரத்தை அடுத்துத் தகர டகர வகை மெய்யோ, னகரமோ, லகரமோ வந்தால், இரண்டும் கலந்து நாவை மேலே மடித்து ஒலிக்கும் ஒரே ஒலியாகிவிடும். நம்முடைய டகரம், ணகரம், ளகரம் போன்ற ஒலிகள் அவை. ஐரோப்பிய மொழிகளில் அரிதான இவ்வொலிகளுக்கு அயல்நாட்டார் தவம் கிடக்கவேண்டும்; தமிழ்க் குழந்தைக்கு அவை தாய்ப்பாலோடு வந்தவை. முன்னே 'பார்னெஹாகெ' என்று எழுத்தைப் பார்த்து எழுதினோம். ஓஸ்லோ நகரத்தார் வாயில் அது 'பாணெஹாகெ' என்றே கேட்கும். பொருத்துவாயிலும் இப்புணர்ச்சி நிகழும். கோடையைக் குறிக்கும் 'ஸொம்மெர்', காலத்தைக் குறிக்கும் 'தீட்' என்பதோடு சேரும்பொழுது, ரகரம் மறைந்து தகரம் நாமடி டகரமாகி 'ஸொம்மெடீட்' போல் ஒலிக்கிறது. தண்மை பொருந்திய தமிழ் 'தண்டமிழ்' ஆவதைக் கற்றவருக்கு இதில் வியப்பொன்றுமில்லை. எழுதும்பொழுது ரகரத்துக்குப் பின் வெட்டலாம். வாயிலோ வெட்டுவதற்கு ரகரமே எஞ்சவில்லை. மேற்குக் கரையில் பெர்கன் நகரத்தார் ரகரத்தை அடித்தொண்டையில் உரசி ஒலிப்பவராதலின், அவர்களிடம் இம்மாற்றம் காணப்படுவதில்லை.

அழுத்தமே அசையைக் காக்கிறது என்பதற்கு எதிர்மறைச் சான்று ஒன்றும் தருவோம். சாளரத்துக்கு நார்வே மொழியில் 'வின்டு' என்று பெயர். இது பழங்காலத்தில் இரு சொற்களின் கூட்டு: காற்று என்பதும் கண் என்பதும் சேர்ந்து 'காற்றின் கண்' என்று வழங்கிற்று. நம் பழந்தமிழில் சாளரத்துக்குக் 'காலதர்' என்ற பெயர் உண்டு; கால் காற்று, அதர் வழி. உலகின் இரு கோடிகளிலும் சுவரில் துளையிட்ட மனிதன் முதலில் எண்ணியது காற்றைத்தான் போலும். அந்த 'வின்டு' என்னும் சொல்லில் இரண்டாம் பகுதியின் அழுத்தம் காலப்போக்கில் முற்றும் தேய்ந்துபோயிற்று. அழுத்தம் போனவுடன் கண் என்னும் சொல்லும் உருக்குலைந்து ஒரு வெற்றசை ஆயிற்று. இன்று எந்த நார்வேக்காரரும் அதில் ஒரு கண்ணைக் காண்பதில்லை. வரியிறுதியில் அதனைத் தனிச்சொல்லாகக் கருதியே 'வின்' என்றும் 'டு' என்றும் வெட்டுகின்றனர். அதன் பன்மையை வேண்டுமென்றே தவறாகப் பிரித்தால் 'மதுப் புறாக்கள்' என்று படிக்கலாம்.

பொதுவிதிக்கு அடங்காதவையும் உள. அவற்றில் தலையானவை எண்ணுப்பெயர்கள். 1951-க்கு முன்னர் அந்நாட்டார் 25 என்பதை 'ஐந்தும் இருபதும்' என்னும் முறையில் ஒன்றை முன்னும் பத்தைப் பின்னும் வைத்துச் சொல்லிவந்தனர். தொலைபேசி எண்கள் பெருகப் பெருக, கேட்டு எழுதுவோர் இலக்கங்களை முன்பின் மாற்றிவிடும் தொல்லை மிகுந்தது. தொலைபேசித் துறையினரின் வேண்டுகோளை ஏற்று, 1951 ஜூலை முதல் தேதியிலிருந்து 'இருபத்தைந்து' என்னும் வரிசையே அரசு முறையாயிற்று. இந்தி பேசும் ஊர்களில் வாழும் அன்பர்களுக்கு இதன் அருமை தெரியும். 'பச்சீஸ்' என்பதில் ஐந்துதான் முன்னே நிற்கிறது. கடைக்காரர் சொல்லும் 'உன்ஹத்தர்', 'உனாஸி' என்பவற்றை 69 என்றும் 79 என்றும் மனத்தில் மாற்றிக்கொள்வதற்குள் சில்லறை கைமாறிவிடுகிறது. ஒரு நாடு தன் எண்ணும் முறையையே ஒரு நாள் குறித்து மாற்ற முனைந்ததை அவர்கள் சற்றுப் பொறாமையோடுதான் கேட்பார்கள். ஆனால் வீடுகளில் பழைய முறை மறைந்துவிடவில்லை. ஒருவரே இரண்டையும் கலந்து பேசுவது இன்றும் உண்டு. நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: புதுமுறையில் 25 என்பது 'ஹ்யூஎஃபெம்' என்று ஒரே சொல்லாக எழுதப்பட்டாலும், அதன் அழுத்தம் முன்னே வாராமல் இறுதியிலுள்ள 'ஃபெம்' என்பதன்மேல் விழுகிறது.

இவ்வளவும் ஏட்டுச் செய்தியென்று யாரும் ஒதுக்கவேண்டா. நார்வே நாட்டுக் குடியுரிமை வேண்டுவோரில் வயதுவந்தவர் பெரும்பாலோர் வாய்மொழித் தேர்வில் தேறுதல் வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து அதன் தரமும் உயர்த்தப்பட்டு, 'பி1' எனப்படும் இடைநிலைத் தகுதி கேட்கப்படுகிறது. அத்தேர்வில் எழுத்துப் பிழைக்கு இடமில்லை. வாய் சொல்வதைச் செவி ஏற்றுக்கொள்கிறதா என்பதே கேள்வி. கூட்டுச்சொல்லைக் கற்கும் தமிழருக்கு நாம் கூறத்தக்க வழி ஒன்று உண்டு. சொல்லைக் கண்டவுடன் வாய்திறக்காமல், முதலில் அதன் பொருத்துவாயைத் தேடுக. பின்னர்க் கையால் மேசைமீது முதற்பகுதிக்கு ஓங்கியும் அடுத்ததற்கு மெல்லவும் தட்டிக்கொண்டு சொல்லுக. தாளம் போட்டுப் பாட்டுக் கற்ற நமக்கு இது புதிதன்று. ஓங்கிய தட்டு எந்த அசைக்கு, மெல்லிய தட்டு எந்த அசைக்கு என்று தெரிந்துவிட்டால், நாவு தானே பின்தொடரும்.

முடிக்குமுன், இரண்டு ஊர்களைக் காட்டுவோம். நார்வேயின் தென்கரையில் 'கிறிஸ்டியன்ஸன்ட்' என்னும் நகரம் இருக்கிறது. நான்காம் கிறிஸ்டியன் மன்னன் 1641-இல் நிறுவியது. வடமேற்குக் கரையில் 'கிறிஸ்டியன்ஸுன்ட்' என்னும் மற்றொரு நகரம். ஆறாம் கிறிஸ்டியன் காலத்தில், 1742-இல் இப்பெயர் பெற்றது. முன்னதன் இறுதியில் மணல் என்னும் சொல். பின்னதன் இறுதியில் கடற்கால் என்னும் சொல். எழுத்தில் வேறுபாடு ஓர் உயிர்தான். இவ்வூர்ப் பெயர்களில் மக்கள் அழுத்தத்தை மன்னன் பெயரில் வைப்பதில்லை. பொதுவிதியை மீறி, கடைசி அசையிலேயே வைக்கின்றனர். வேறுபாடு எங்கே இருக்கிறதோ அங்கேயே கேட்பவர் காது நிற்கவேண்டும் அல்லவா? வாய்ப்பேச்சில் இவ்வாறு தப்பித்துக்கொண்டனர். கடிதத்தில் அழுத்தத்தை எழுத முடியாதே! ஆகவே அஞ்சல் உறைகளில் முன்னதன் பக்கத்தில் தெற்கைக் குறிக்கும் ஓர் எழுத்தும், பின்னதன் பக்கத்தில் வடக்கைக் குறிக்கும் ஓர் எழுத்தும் எழுதும் வழக்கம் தோன்றிற்று. 1968-இல் நான்கு இலக்க அஞ்சல் குறியீடு வந்தபின் அவ்வெழுத்துகள் இன்றியமையாதன அல்ல. ஆயினும் பழகிய கைகள் பல அவற்றை உடனே விட்டுவிடவில்லை.